திருமலைக்கு நடந்தவர்கள்



எங்கள் ஊர் இறக்கக்கண்டி. திருகோணமலைப் பட்டினத்திலிருந்து வடக்கே கடலோரமாகச் செல்லும் பாதையில் உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி ஆகியவற்றைக் கடந்தால், ஒரு பக்கம் களப்பும் மறுபக்கம் கடலுமாக வரும் சிற்றூர். பட்டினத்துக்கும் ஊருக்கும் இடையே ஏறக்குறைய 12 மைல். இந்தத் தூரத்தை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். காரணம் இருக்கிறது.

1956 ஓகஸ்ட் மாதத்தில் ஒருநாள் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு என் வாப்பா இந்த 12 மைலையும் நடந்து திருகோணமலைக்குப் போனார். பஸ்ஸுக்குக் காசு இல்லாமல் அல்ல. தமிழரசுக் கட்சியின் மகாநாடு அங்கே கூடவிருந்தது. தொண்டர்கள் தூர இடங்களிலிருந்தெல்லாம் நாட்கணக்கில் கால்நடையாக வந்துகொண்டிருந்தார்கள். 'திருமலை யாத்திரை' என்று அதற்குப் பெயர். அவர்கள் அப்படி வரும்போது பக்கத்தில் இருக்கும் நாம் பஸ்ஸில் போய் இறங்குவது மரியாதை அல்ல என்பது வாப்பாவின் எண்ணம். எனக்கு அப்போது ஆறு வயது. அவர் திரும்பி வந்து, கொப்பளித்த கால்களை உப்புப்போட்ட வெந்நீரில் வைத்தபடி திண்ணையில் இருந்ததும், அவருடைய தம்பி, அதாவது என் சாச்சா, முன்னால் நின்று, "நடந்து போய் என்னத்தக் கண்ட நீங்க, காக்கா?" என்று கேட்டதும் நினைவில் நிற்கின்றன.

வாப்பா பதில் சொல்லவில்லை. அதே கேள்வியைச் சாச்சா பிறகு நாற்பது வருடங்கள் வரையில் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் வரலாற்று ஆசிரியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அரசியலில் இலட்சியம் பேசுவோர் ஏமாளிகள், காரியம் பார்ப்போரே கெட்டிக்காரர் என்ற கருத்து எங்கள் சந்தித் தேநீர்க்கடையில் மட்டுமன்றி, ஆசிரியர் ஓய்வறைகளிலும் செல்வாக்குப் பெற்ற கருத்தே. சாச்சாவின் கேள்விக்கு வரலாற்றிலிருந்து ஒரு பதில் தேட வேண்டும் என்ற ஆசை எனக்கு வெகுநாளாக உண்டு. இன்றைய பேச்சு அந்த முயற்சிதான்.

திருகோணமலைக்கும் அந்தக் கட்சிக்கும் பழைய உறவு. 1949 டிசம்பரில் தொடங்கிய தமிழரசுக் கட்சி தன் முதலாவது மகாநாட்டை 1951 ஏப்ரலில் இங்குதான் நடத்திற்று. அடுத்த வருடத்துப் பொதுத் தேர்தலில் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு ஆசனங்கள். ஒன்று கோப்பாய், மற்றது திருகோணமலை. தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகமே காங்கேசன்துறையில் தோற்றுப்போனார். அந்த நிலையில் சமஷ்டி பற்றிப் பேசியவர்களைப் பார்த்து நாடு சிரித்தது. நான்கே ஆண்டுகளில் அந்தச் சிரிப்பு அடங்கியதற்கு, கட்சியின் உழைப்போடு, கொழும்பில் நடந்தவையும் காரணம் எனலாம்.

1956 யூன் 5ஆம் திகதி சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கும் மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தது. அன்றைக்கே காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தொண்டர்கள் காடையரால் தாக்கப்பட்டார்கள். அமிர்தலிங்கம் தலையில் கட்டுடன் சபைக்குள் போனார். கல்லோயாப் பகுதியில் பலர் உயிரிழந்தனர். மசோதா நிறைவேறியது. இவை நடந்து இரண்டு மாதத்தில் கூடியதுதான் வாப்பா நடந்து போன மகாநாடு.

கோபத்தால் கொதித்துக்கொண்டிருந்த ஒரு கூட்டம் என்ன கேட்டது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். கோரிக்கைகள் நான்கு. சமஷ்டி முறையிலான ஆட்சி. தமிழுக்குச் சிங்களத்தோடு சம அந்தஸ்து. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழருக்குக் குடியுரிமை. தமிழ் பேசும் பிரதேசங்களில் அரசாங்கமே நடத்தும் குடியேற்றங்களை நிறுத்துதல். இவற்றைப் பெற ஒரு வருடத் தவணையும் வைத்தார்கள். 1957 ஓகஸ்ட் 20ஆம் திகதிக்குள் ஆகாவிட்டால் சத்தியாக்கிரகம்.

மீன்பிடிக்காரரான என் வாப்பாவுக்கு இந்த நான்கில் எது முக்கியம்? சமஷ்டி என்றால் என்னவென்று அவருக்குச் சரியாகத் தெரியாது. பிற்காலத்தில் அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார். அவருக்கு விளங்கியது கடிதம்தான். கச்சேரியிலிருந்து வரும் இங்கிலீசுக் கடிதத்தை வாசித்துச் சொல்லத் தபாற்காரரோ பள்ளிக்கூட வாத்தியாரோ இருந்தார்கள். இனிச் சிங்களத்தில் வந்தால் இந்தக் கரையில் யார் வாசிப்பது? மகாநாட்டில் அவரை இழுத்தது இன்னொரு சொல்லும் கூட. 'தமிழ் பேசும் மக்கள்' என்று அந்தக் கட்சி சொல்லிற்று. அந்தச் சொல்லுக்குள் தானும் இருப்பதாக அவர் நம்பினார். நடந்த களைப்பை மறக்கச் செய்யும் அளவுக்கு நம்பினார்.

தவணை முடிய மூன்று வாரம் இருக்கையில் அதிசயம் போல ஒன்று நடந்தது. 1957 யூலை 26ஆம் திகதி பிரதமர் பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். தமிழ் சிறுபான்மையோரின் மொழியாக ஏற்கப்படும், வடக்குக் கிழக்கில் நிருவாகம் தமிழில் நடக்கும், பிரதேச சபைகள் அமையும் என்றெல்லாம் அதில் இருந்தன. வடமாகாணம் ஒரே பிரதேசமாகவும் கிழக்கு மாகாணம் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிரதேசங்களாகவும் இருக்கலாம் என்றும் கண்டிருந்தது. முஸ்லிம்களும் தமிழரும் கலந்து வாழும் எங்களைப் போன்ற ஊர்களுக்கு அந்த வரி எவ்வளவு முக்கியமானது என்பதை இன்றும் சிலர் கவனிப்பதில்லை. சமஷ்டி இல்லை, சம அந்தஸ்து இல்லை. கேட்டதில் பாதிக்கும் குறைவு. ஆனாலும் கட்சி ஏற்றுக்கொண்டு சத்தியாக்கிரகத்தை நிறுத்திவைத்தது. ஆகவே இலட்சியவாதிகளுக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது என்ற குற்றச்சாட்டு இவர்களிடத்தில் செல்லாது.

கையொப்பமிட்ட மற்றவரைப் பற்றியும் சொல்லவேண்டும். 1926இல், இங்கிலாந்தில் படித்துவிட்டுத் திரும்பியிருந்த 27 வயது இளைஞரான எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க, இலங்கைக்கு ஏற்றது சமஷ்டி ஆட்சிதான் என்று பத்திரிகையில் தொடர்ந்து எழுதினார். யாழ்ப்பாணத்துக்கு வந்தும் அதையே பேசினார். அவரை வரவேற்றது பிற்காலத்தில் வாலிபர் காங்கிரஸ் என்று பெயர்பெற்ற மாணவர் இயக்கம். சமஷ்டி என்ற எண்ணத்தை முதலில் இந்தத் தீவில் பரப்பியவர்களுள் அவர் ஒருவர். சரியாக முப்பது வருடம் கழித்து, அதையே அவரிடம் கேட்பதற்காக என் வாப்பா காலில் கொப்பளம் போட நடந்திருக்கிறார்! இளமையில் கண்ட கனவைப் பதவிக்கு வரும் வழியில் எங்கோ தவறவிட்ட மனிதர் அவர். 1957இல் அதில் ஒரு துண்டை மீண்டும் கையில் எடுத்தார் என்றே நான் எண்ணுகிறேன். ஆனால் பிடித்து வைத்திருக்கும் துணிவு இருக்கவில்லை. உடன்படிக்கையை எதிர்த்து ஜே. ஆர். ஜயவர்தன 1957 ஒக்டோபரில் கண்டிக்கு ஒரு நடைபயணம் தொடங்கினார். அதை இம்புல்கொடையில் தடுத்து நிறுத்தியவர்கள் ஆளும் தரப்பார். அப்படியிருந்தும் 1958 ஏப்ரல் 9ஆம் திகதி பிக்குமார் ரொஸ்மீட் பிளேஸில் வீட்டு முன்னால் அமர்ந்தபோது பிரதமர் உடன்படிக்கையைக் கைவிட்டார். அடுத்த மாதம் நாடு எரிந்தது. மறு வருடம் செப்டெம்பரில் ஒரு பிக்குவின் துப்பாக்கிக்கு அவரே இரையானார்.

சாச்சாவின் வாதம் இந்த இடத்தில்தான் பலமாக இருக்கும். பொத்துவிலில் தமிழரசுக் கட்சியின் சார்பில் 1956இல் வென்ற எம். எம். முஸ்தபாவை அவர் எடுத்துக்காட்டுவார். முஸ்தபா அரசாங்கப் பக்கம் போனார், 1959இல் நிதியமைச்சரானார். "காரியம் தெரிஞ்ச மனுசன்! நீங்க நடந்தீங்க, அவர் காரில போனார்" என்பார் சாச்சா. வாப்பாவோ, அந்த அமைச்சுப் பதவி எத்தனை மாதம் நின்றது என்று மட்டும் கேட்பார். 1960 மார்ச்சில் அது முடிந்துவிட்டது.

அண்ணன் தம்பி சண்டை அது. காரியம் பார்ப்பதன் பலனை அளக்க அதைவிடப் பெரிய உதாரணம் லங்கா சமசமாஜக் கட்சி. 1956இல் சிங்களம் மட்டும் மசோதாவை எதிர்த்துச் சிங்கள வாக்குகளை இழக்கத் துணிந்தவர்கள் அவர்கள். என். எம். பெரேராவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் இரு மொழிக்கும் சம அந்தஸ்து என்று அந்தச் சபையில் நின்று வாதாடினார்கள். ஒரு மொழியைத் திணித்தால் நாடு இரண்டாகும் என்று கொல்வின் எச்சரித்ததை அறியாதார் இல்லை. அப்போது அவர்களுக்கு 14 உறுப்பினர். பிறகு அவர்களும் யதார்த்தத்தைக் கண்டுபிடித்தார்கள். 1964இல் சிறிமாவோ அரசாங்கத்தில் சேர்ந்தார்கள். 1966 ஜனவரியில், தமிழ் மொழிக்குச் சிறிய இடம் கொடுத்த ஒழுங்குவிதிகளை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் அவர்களும் நின்றார்கள். 1972இல் சிங்களத்தை அரசியலமைப்பிலேயே அரசகரும மொழியாகப் பதித்து, சிறுபான்மையோருக்கு இருந்த 29ஆம் பிரிவுப் பாதுகாப்பையும் அகற்றிய சாசனத்தைத் தயாரித்த அமைச்சர் வேறு யாருமல்லர், அதே கொல்வின் ஆர். டி சில்வாதான். 1977 தேர்தலில் அந்தக் கட்சிக்கு ஓர் ஆசனம்கூடக் கிடைக்கவில்லை. இலட்சியத்தோடு இருந்தபோது 14, அதை விற்ற பின் சில காலம் பதவி, முடிவில் பூச்சியம். வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். ஏனென்றால் இளமையில் நான் அவர்களை நேசித்தவன்.

சரி, நடந்தவர்களின் நான்கு கோரிக்கைகளுக்கு என்ன ஆயிற்று? 1987 நவம்பரில் வந்த பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. மாகாண சபைகளும் அதே ஆண்டுச் சட்டத்தால் வந்தன. அது சமஷ்டி அல்லதான், ஆனால் 1957இன் பிரதேச சபைகளின் தம்பி முறையானது. மலையக மக்களில் மிஞ்சியிருந்த நாடற்றவருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை கொடுத்தது. ஒன்றுக்கு 31 ஆண்டு, இன்னொன்றுக்கு 47 ஆண்டு. குடியேற்றக் கோரிக்கை மட்டும் தீராத வழக்காக நிற்கிறது. திருகோணமலையில் ஒரு பந்தலுக்குக் கீழே கேட்கப்பட்டபோது பைத்தியக்காரக் கனவு எனப்பட்டவற்றைச் சட்டப்புத்தகம் பின்னால் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டது. இடையில் எத்தனை ஆயிரம் உயிர்கள்! 1956இல் கேட்ட விலை எவ்வளவு மலிவு என்பது, அதைத் தர மறுத்துக் கடைசியில் நாம் எல்லோரும் கொடுத்து முடித்த விலையோடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். எதார்த்தம் தெரிந்தவர்கள் யார் என்ற கேள்வியை நான் சாச்சாவிடம் திருப்பிக் கேட்பது இதனால்தான்.

இப்படிச் சொல்வதால் கனவு கண்டவர்களிடம் பிழையே இல்லை என்று நினைக்கவேண்டாம். சற்றுமுன் சொன்ன வாலிபர் காங்கிரஸையே எடுங்கள். ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் நடத்திய அந்த இயக்கம் 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்தில் வரவேற்றது. சாதி பாராமல் சேர்ந்து உண்பதை வற்புறுத்தியது. பூரண சுயராச்சியம் தராத டொனமூர்த் திட்டம் வேண்டாம் என்று 1931இல் தேர்தலைப் பகிஷ்கரித்தது. குடாநாட்டின் நான்கு தொகுதிகளில் ஒருவரும் நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. எவ்வளவு பெரிய சாதனை! ஆனால் தென்னிலங்கை பின்தொடரும் என்று நம்பினார்கள், அது தொடரவில்லை. எங்கள் கிழக்கிலும் தேர்தல் நடந்தது. கிழக்கை முன்கூட்டி யாரும் பெரிதாகக் கேட்டதாகவும் தெரியவில்லை. 1934இல் அந்த நான்கு தொகுதிகளுக்கும் இடைத்தேர்தல் நடந்து, கதை முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்காமல் அவர் சார்பிலும் கனவு காணும் பழக்கம் நம் இலட்சியவாதிகளிடம் அன்றிலிருந்தே உண்டு. 'தமிழ் பேசும் மக்கள்' என்ற சொல்லை நம்பிய என் வாப்பாவுக்குப் பிற்காலத்தில் அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாகக் குத்தியதும் உண்டு. போரின்போது இரண்டுமுறை ஊரைவிட்டு ஓடிய குடும்பம் எங்களுடையது. அதை விரித்துச் சொல்ல இது இடமல்ல.

அடுத்தது அந்த ஒரு வருடத் தவணை. நம்பிக்கைக்கு நாட்குறிப்பில் திகதி குறித்தால் அது கடன் வசூலிப்பாக மாறிவிடும். உடன்படிக்கை பாராளுமன்றத்தில் சட்டமாகக் காத்திருந்த நேரம், 1958இன் தொடக்கத்தில், மோட்டார் வண்டிகளின் இலக்கத்தகட்டில் வந்த சிங்கள 'ஸ்ரீ' எழுத்துக்குத் தார் பூசும் போராட்டத்தை நம்மவர் ஆரம்பித்தார்கள். தென்னிலங்கையில் தமிழ் எழுத்துகளுக்குத் தார் விழுந்தது. பண்டாரநாயக்க கைவிட்டதற்கு அதுவே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவரை நெருக்கியவர்கள் கையில் நாமும் ஒரு கட்டை கொடுத்தோம்.

அதே 1956இல், உலகத்தின் மறுகோடியில், அமெரிக்காவின் மொன்ட்கொமரி நகரத்துக் கறுப்பின மக்களும் நடந்துகொண்டிருந்தார்கள். பஸ்ஸில் நிற பேதம் காட்டியதால் 381 நாட்கள் பஸ்ஸில் ஏறாமல் வேலைக்குக் கால்நடையாகவே போய்வந்தார்கள். வாப்பா திருமலைக்கு நடந்த அன்றும் அவர்கள் நடந்திருப்பார்கள். அவர்கள் வென்றார்கள். நவம்பரில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அவர்களுடைய நம்பிக்கை நம்முடையதைவிடப் பெரிதென்று சொல்லமுடியாது. அதை வாங்கிக்கொள்ள ஒரு கதவு அங்கே இருந்தது. இங்கே கோடீஸ்வரன் என்ற அரசாங்க எழுதுவினைஞர், சிங்களப் பரீட்சை எழுதாததால் சம்பள உயர்வை நிறுத்தியது செல்லாது என்று 1962இல் வழக்குப் போட்டார். மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார், உயர் நீதிமன்றத்தில் தோற்றார், இலண்டன் கோமறை மன்று 1969இல் வழக்கை மீண்டும் இங்கேயே அனுப்பிற்று. மொழிச்சட்டம் செல்லுமா என்ற மூலக் கேள்விக்கு இறுதித் தீர்ப்பு வரவேயில்லை. பிறகு கோமறை மன்றுக்கு மேன்முறையீடு செய்யும் உரிமையும் எடுக்கப்பட்டது. தட்டிய கை ஓயாதிருந்தும் கதவு சுவராகிவிட்ட கதை இது.

கரைவலைக்காரரின் மகனாகிய எனக்கு இதை விளங்கிக்கொள்வது கஷ்டமில்லை. வலை வளைத்து, இரு புறமும் முப்பது நாற்பது பேர் நின்று இழுத்து, கடைசியில் மடியைத் திறந்தால் பாசியும் சொறியும் மட்டும் இருந்த நாட்கள் எங்கள் கரையில் ஏராளம். அடுத்த நாள் விடியுமுன் வாப்பா திரும்பவும் வாடிக்குப் போவார். அதை நாங்கள் யாரும் இலட்சியவாதம் என்று சொன்னதில்லை.

வாப்பா 1994இல் மௌத்தானார். மகாநாட்டுச் செய்திகள் வந்த 'சுதந்திரன்' பத்திரிகைகளை ஒரு தகரப்பெட்டியில் வைத்திருந்தார். அதை 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோயிற்று. சாச்சா தப்பினார். எண்பதைத் தாண்டிய பின்னும் கேள்வியை மட்டும் விடவில்லை, என்னிடம் கேட்பார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் அவர் எங்கள் வீட்டுக்கு ஒரு கடிதத்தோடு வந்தார். காணி சம்பந்தமாக ஓர் அலுவலகத்திலிருந்து வந்தது. முன்பெல்லாம் அங்கிருந்து அவருக்குச் சிங்களத்தில்தான் வரும், என்னிடம் தந்து யாரிடமாவது வாசிப்பித்துச் சொல்லச் சொல்வார். இந்தமுறை தமிழில் வந்திருந்தது. ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை. 'காணி' என்பது 'கானி' ஆகியிருந்தது, அவருடைய பெயரிலேயே இரண்டு எழுத்துப் பிழை, கடைசி வசனத்துக்கு வினைச்சொல்லே இல்லை. சாச்சா நன்றாகத் தமிழ் வாசிப்பார். இருந்தும் என்னைக்கொண்டு சத்தமாக வாசிப்பித்துக் கேட்டார். முடிந்ததும் சிறிது நேரம் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காக்கா நடந்துபோனது இதுக்குத்தானே?" என்றார்.

நான் ஓமென்றேன்.

"அப்ப பிழையோட விடப்படாது. நீ வாத்திதானே, சிவப்பு மையால திருத்தி அவங்களுக்கே அனுப்பு."

ஒன்பது பிழைகள் இருந்தன. திருத்தி, கீழே என் பெயரையும் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்பதையும் எழுதி, அவரையே கையொப்பமிடச் செய்து, நிலாவெளித் தபாற்கந்தோரில் பதிவுத்தபாலில் சேர்த்தேன். பற்றுச்சீட்டைச் சாச்சா வாங்கித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பதில் வந்ததா என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பள்ளிவாசல் முற்றத்தில் என்னைக் கேட்பார்.